பிள்ளையை அளக்கும் முன் வகுப்பறையை அளங்கள்

எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். அங்கே வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சில வாரங்களுக்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் அச்சடித்தும் இருந்த தாள். திருப்பிப் பார்த்தேன். மாணவர்களின் கற்றல் ஊக்கத்தை அளக்கும் வினாப்பட்டியல் அது. அவள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்த பி.எட். மாணவி ஒருவர் வகுப்பில் கொடுத்தாராம். மீந்துபோன தாள்களைப் பிள்ளைகள் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள்.

இருபத்தைந்து வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘சிறிதும் உடன்படவில்லை’ என்பதில் முடிகின்றன. வகுப்பில் என் கருத்தைச் சொல்ல வாய்ப்பு கிடைக்கிறதா, கடினமான பாடத்தையும் என்னால் கற்க முடியுமா, என் வகுப்பில் உள்ளவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைக்கிறார்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்விகள்தான்.

“நீ எதுலம்மா டிக் போட்ட?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் முதல் கட்டம்தாண்ணா.”

“எல்லாத்துக்குமா?”

“மேல பேரு, ரோல் நம்பரு எல்லாம் எழுதச் சொன்னாங்க. மிஸ் பின்னாடியே நடந்துக்கிட்டு இருந்தாங்க. வேற என்னண்ணா போடுறது?”

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: “அந்த, தங்களில் ஒருத்தின்னு இருக்குல்ல, அதுக்கு மட்டும் யோசிச்சேன். அப்புறம் அதுக்கும் முதல் கட்டமே போட்டுட்டேன்.”

அந்தத் தாளைப் பொறுத்தவரை அவள் ஊக்கம் நிறைந்த மாணவி. எந்தக் குறையும் இல்லாத வகுப்பறையில் படிக்கிறவள். அவள் யோசித்து நின்ற அந்தச் சில நொடிகளுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நொடிகளைப் பற்றியதுதான்.

‘ஆர்வமே இல்ல சார்’

பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். “உங்க பசங்களுக்குப் படிப்பு மேல ஆர்வமே இல்ல சார்.” வரவில்லையா? ஆர்வமில்லை. எழுதவில்லையா? ஆர்வமில்லை. பத்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்கோ பெயின்ட் வேலைக்கோ போனானா? அவனுக்கு முதலிலிருந்தே ஆர்வமில்லை.

ஆர்வம் என்பது கண் நிறம் மாதிரி, பிள்ளை பிறக்கும்போதே கொண்டு வருவது என்று இந்த வாக்கியம் நம்புகிறது. காலனிப் பிள்ளைக்கு அது குறைவாக இருக்கும் என்றும் சொல்லாமல் சொல்கிறது. முன்பு ‘மக்கு’ என்றார்கள். பிறகு ‘மெல்லக் கற்போர்’ என்று மரியாதையாக எழுதினார்கள். இப்போது வினாப்பட்டியல் வந்திருக்கிறது. நாளை ‘ஊக்கக் குறியீடு ஐந்துக்கு இரண்டு’ என்று எழுதுவார்கள். பழைய வசவுக்குப் புதிய சட்டை மாட்டியது போல ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அளப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணிக் காட்டாவிட்டால் நம் குறை எதுவும் அரசின் காதில் ஏறாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர் என்று எண்ணப்பட்டிருப்பதால்தான் ஒதுக்கீட்டையும் உட்கூறு நிதியையும் நம்மால் கணக்குக் கேட்க முடிகிறது. அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர்; புள்ளிவிவரத்தோடுதான் வாதாடினார். எதை அளக்கிறோம், யாரை வைத்து அளக்கிறோம், அளந்ததை என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

மூன்று தேவைகள்

அந்த வினாப்பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கொள்கையைக் கல்வியியல் மாணவர்கள் படித்திருப்பார்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் 1970-களிலிருந்து உருவாக்கியது. 1985-இல் இதைப் பற்றி அவர்கள் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. உடம்புக்குச் சோறும் தண்ணீரும் போல மனதுக்கும் சில அடிப்படைத் தேவைகள் உண்டு, அவை கிடைத்தால் ஊக்கம் தானே வளரும், கிடைக்காவிட்டால் வாடும் என்பது அதன் சாரம்.

அவர்கள் சொல்லும் தேவைகள் மூன்று. பாடநூல்களில் கனமான சொற்களில் இருக்கும். பிள்ளைகளின் பேச்சில் சொன்னால் எளிது. ‘நானாகத்தான் செய்கிறேன்’ என்பது ஒன்று. ‘என்னால் முடியும்’ என்பது இரண்டாவது. ‘நானும் இவர்களில் ஒருத்தி’ என்பது மூன்றாவது.

இதே ஆய்வாளர்களின் வழியில் வந்த ஒரு வினாப்பட்டியல், ‘வீட்டுப்பாடம் ஏன் செய்கிறாய்?’ என்று பிள்ளையைக் கேட்கிறது. செய்யாவிட்டால் திட்டு விழும் என்பதற்காகவா? செய்யாவிட்டால் உனக்கே வெட்கமாக இருக்கும் என்பதற்காகவா? பாடம் புரிய வேண்டும் என்பதற்காகவா? செய்வதே பிடித்திருக்கிறது என்பதற்காகவா? அச்சத்திலிருந்து விருப்பம் வரை படிப்படியாக ஏறும் ஏணி அது. ஊக்கம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எந்த வகை ஊக்கம் என்று பார்க்கிறது. அடிக்குப் பயந்து படிக்கிற பிள்ளையும் படிக்கிறதுதான். ஆனால், பிரம்பு இல்லாத நாளில் அது புத்தகத்தைத் தொடாது.

இந்தக் கொள்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஊக்கத்தைப் பிள்ளையின் குணமாக அது பார்க்கவில்லை. பிள்ளைக்கும் அது இருக்கும் இடத்துக்கும் நடுவே விளைவதாகப் பார்க்கிறது. வாடிய பயிரைப் பார்த்து ‘இந்தப் பயிருக்கு வளர ஆசையில்லை’ என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்றுதான் போய்ப் பார்ப்பார். வகுப்பறை என்று வந்தால் மட்டும் நாம் பயிரைத் திட்டுகிறோம்.

மணியடித்த பிறகு உள்ளே போன மாணவர்

இந்த மூன்று தேவைகளையும் அறிய நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த காலத்தை அதில் நினைவுகூர்கிறார். ஏறத்தாழ நானூறு பேர் படித்த பள்ளியில் பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லாரும் பிராமணர்கள். தம் சாதியும் ஊரும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி விரைந்து வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாததை நினைத்து வருந்தியிருக்கிறார். பின்னாளில் ‘பறையன்’ இதழை நடத்தியவர், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர் அவர்.

அம்பேத்கரும் தம் பள்ளி நாட்களை எழுதியிருக்கிறார். படிப்பில் பிள்ளைகளின் தரவரிசைப்படி வகுப்பில் உட்கார வைப்பார்கள். அவரை மட்டும் அந்த வரிசையில் சேர்க்காமல் தனி மூலையில் உட்கார வைத்தார்கள். உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்ப எடுத்துப் போக வேண்டும். பள்ளியைப் பெருக்கும் பணியாள் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். தாகம் எடுத்தால் தீண்டத்தக்கவர் ஒருவர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும்.

மேலே சொன்ன மூன்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கூடத் தானாகக் குடிக்க முடியாதவனிடம் ‘நானாகச் செய்கிறேன்’ என்பது எங்கிருந்து வரும்? நன்றாகப் படித்தாலும் தரவரிசையில் இடமில்லை என்றால் ‘என்னால் முடியும்’ என்பதற்கு என்ன பொருள்? தனிச் சாக்கில் உட்கார்ந்தவன் ‘நானும் இவர்களில் ஒருவன்’ என்று எப்படிச் சொல்வான்? உளவியலாளர்கள் ஆய்வகத்தில் கண்டதை இவர்கள் இருவரும் பத்து வயதிலேயே அனுபவித்து அறிந்திருந்தார்கள்.

அவர்கள் அதையும் மீறிப் படித்தார்களே என்று சிலர் கேட்பார்கள். மீறியவர்கள் பெயர் நமக்குத் தெரியும். மீற முடியாமல் நின்றுபோனவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

சாதியைச் சொன்னதும் என்ன நடந்தது?

இதெல்லாம் அந்தக் காலக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தியது. 2004-இல் ஆய்வறிக்கையாக வந்தது. ஆறு, ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுவர்கள். உயர்சாதி எனப்படுவோர் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். கையில் ஒரு புதிர்ப் புத்தகம். கோடுகளுக்குள் வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு. சரியாக முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய்.

சாதி யாருக்கும் தெரியாமல் விளையாடவிட்டபோது இரு தரப்பும் ஒரே அளவில் புதிர்களை முடித்தன. அடுத்து வேறு குழுக்களில், விளையாட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். சரிதானா என்று கேட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் ஒதுக்கவில்லை. தலித் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்துவிட்டது.

அந்தச் சிறுவர்களின் அறிவு சில நிமிடங்களில் குறைந்துவிடவில்லை. அவர்களின் ‘ஆர்வம்’ பிறவியிலேயே குறைவாக இருந்திருந்தால் முதல் சோதனையிலேயே தெரிந்திருக்கும். மாறியது அறைதான். ‘இங்கே நான் யாராகப் பார்க்கப்படுகிறேன்’ என்பது மாறியது.

இதைப் படித்தபோது என் பத்தாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு குரல் கேட்கும்: “எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்கடா, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு.” எழுந்து நிற்போம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி எங்களை எண்ணுவார்கள். கிடைக்க வேண்டிய பணம்தான், தப்பில்லை. ஆனால், நின்று உட்கார்ந்த பிறகு வரும் கணக்குப் பாடம் என் காதில் ஏறியதே இல்லை. பல வருடங்கள் எனக்குக் கணக்கு வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே பள்ளியில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். செய்யுள் பகுதி வந்தால் என்னைப் பெயர் சொல்லி அழைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். தப்பு விட்டால், “திரும்ப வாசி, அவசரமில்ல” என்பார். வேறு பெரிய உதவி எதையும் அவர் செய்யவில்லை. நான் தமிழ் முதுகலை படித்தேன். கணக்கில் ஆர்வமில்லாத, தமிழில் ஆர்வமுள்ள பிள்ளையாக நான் பிறந்தேனா? இருவேறு அறைகளில் நான் இருவேறு பிள்ளையாக இருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நாங்குநேரிக்குப் பிறகு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குவது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பெயரின் எழுத்து வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைப்பது, மாணவர்களின் சாதி விவரத்தை ரகசியமாகக் காப்பது என்று பல பரிந்துரைகள். கயிறா நெற்றிப் பொட்டா என்ற சண்டையில் மற்ற பரிந்துரைகள் பேசப்படாமலேயே போய்விட்டன.

எனக்கு அந்த அறிக்கை ஒரு வகையில் வகுப்பறையின் மனநலக் குறிப்பேடாகத் தெரிகிறது. யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் பெயரை எப்படி அழைப்பது என்ற சிறு விஷயங்களில்தான் ஒரு பிள்ளையின் ‘நானும் ஒருத்தி’ என்ற உணர்வு வளர்கிறது, அல்லது சாகிறது. அரிவாள் வரும்போது மட்டும் நாம் விழித்துக்கொள்கிறோம். அரிவாள் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்த வகுப்பறையில் சில பிள்ளைகளுக்குக் காற்று குறைந்திருக்கும். அதை அளக்க யாரிடமும் கருவி இருந்திருக்காது. அல்லது, இருந்த கருவியில் எல்லாரும் முதல் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள்.

இது எங்கள் ஊர்ப் பள்ளியின் கதை மட்டுமல்ல. ‘நாஸ் தேர்வு’ என்று ஆசிரியர்கள் சொல்லும் தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் நடந்தபோது, பாடக் கேள்விகளோடு பள்ளியைப் பற்றியும் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பள்ளிக்கு வரப் பிடிக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சொல்லியிருந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால், அடுத்த ஆண்டே நம் மாநிலத்தில், ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியர் ஒருவர் கைதானார். அந்தப் பிள்ளைகளிடம் பள்ளியிலேயே வைத்துக் கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள்?

சராசரியில் மறையும் நால்வர்

ஒரு சிறு கணக்கு. வகுப்பில் முப்பது பேர். ‘நானும் இவர்களில் ஒருவர்’ என்ற கேள்விக்கு இருபத்தாறு பேர் ஐந்துக்கு ஐந்து போடுகிறார்கள். நான்கு பேர் இரண்டு போடுகிறார்கள். மொத்தம் 138, முப்பதால் வகுத்தால் 4.6. ‘மிக நன்று’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்த நால்வரும் காணாமல் போய்விட்டார்கள். அந்த நால்வரும் ஒரே தெருவிலிருந்து வருகிறவர்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சராசரி அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது.

சரி, தாளில் சாதியையும் எழுதச் சொல்லிப் பிரித்துப் பார்க்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். பெயர் எழுத வேண்டாம் என்றாலும், வகுப்பில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் மூன்று பேர்தான் என்றால் யார் என்ன எழுதினார்கள் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால், பள்ளிவாரியாகப் பிரிக்காமல் ஒன்றிய அளவில் பல பள்ளிகளின் தாள்களைச் சேர்த்துத்தான் சாதிவாரியாகப் பார்க்க வேண்டும். தாளைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அந்தப் பள்ளியின் ஆசிரியராக இருக்கக் கூடாது. மூடிய பெட்டியில் போட வேண்டும். கேள்விகள் பிள்ளை பேசும் தமிழில் இருக்க வேண்டும். ‘தன்னாட்சி’ என்று எழுதினால் பிள்ளைக்கு மாநில அரசுதான் நினைவுக்கு வரும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் வேறு வகைச் சிக்கல் உண்டு. அங்கே பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உறவாடுவார்கள். ‘நானும் ஒருத்தி’ என்ற கேள்விக்கு மனதாரவே முதல் கட்டத்தில் டிக் போடுவார்கள். ஆனால், பள்ளியே ஊரிலிருந்து ஒதுங்கி நிற்கிறது. அந்த ஒதுக்கத்தை வகுப்புக்குள் சுற்றும் எந்த வினாப்பட்டியலும் பிடிக்காது.

எண்ண வேண்டியவை

பி.எட். படித்த எல்லாருக்கும் ஃபிளாண்டர்ஸ் என்ற பெயர் தெரியும். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து மூன்று நொடிக்கு ஒருமுறை, ஆசிரியர் பேசுகிறாரா, மாணவர் பேசுகிறாரா, அமைதியா என்று பத்து வகையாகக் குறிக்கும் முறை அவருடையது. தேர்வுக்குப் படித்துவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அந்த முறையில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: ஆசிரியர் எந்தப் பிள்ளையிடம் பேசினார்? வகுப்பின் உட்காரும் வரிசையைப் படமாக வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோடு போட்டால் போதும்.

அந்த ஏழாம் வகுப்பு மாணவியின் தாளைப் பார்த்த பிறகு எங்கள் படிப்பகத்தில் இதைச் செய்து பார்த்தோம். நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்து, ஒரு வாரம் மாலையில் வந்து நிரப்பச் சொன்னோம். இன்று ஆசிரியர் உன்னைப் பெயர் சொல்லி எத்தனை முறை அழைத்தார்? எத்தனை கேள்வி உன்னிடம் கேட்டார்? கரும்பலகைக்கு அழைத்தாரா? தப்பாகச் சொன்னபோது திருத்தினாரா, உட்காரச் சொல்லிவிட்டாரா? பாடம் அல்லாத வேலை என்ன சொன்னார்? தண்ணீர் குடிக்க, சாப்பிட, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டில் ஐந்து நாளும் ‘பெயர் சொல்லி அழைத்தது’ காலி. ‘வேலை சொன்னது’ கட்டத்தில் மட்டும் கோடுகள்: பெஞ்சு தூக்க, தண்ணீர் கேன் எடுத்து வர, மைதானத்தில் குப்பை பொறுக்க. அவனுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. “நான் நல்லா வேலை செய்வேன்னு சாருக்குத் தெரியும்ணா” என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பள்ளியில் ‘என்னால் முடியும்’ என்று அவன் உணரும் ஒரே இடம் அதுதான். இன்னும் இரண்டு வருடத்தில் அவனைப் பற்றி ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று எழுதுவார்கள். பெஞ்சு தூக்குவதில் ஆர்வமாக இருந்தான் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இன்னொரு மாணவியின் நோட்டில் அறிவியல் பாட வேளையில் மட்டும் தினமும் கோடுகள் இருந்தன. அந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி தினம் ஐந்து பேரிடம் கேள்வி கேட்பவர் என்று விசாரித்தபோது தெரிந்தது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட முறை. செலவில்லை, சுற்றறிக்கை இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிடித்த பாடம் எது என்று சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் கோபப்படலாம். ஏற்கனவே எமிஸ் பதிவு, எண்ணும் எழுத்தும், ஸ்லாஸ், நாஸ் என்று தாள் தாளாக நிரப்பிக்கொண்டிருக்கிறோம், இப்போது எங்களையும் அளப்பதா என்று கேட்கலாம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. டெசியும் ரயனும் சொன்ன மூன்று தேவைகளும் ஆசிரியருக்கும் உண்டு. மேலதிகாரியின் அழைப்புக்குப் பயந்து நிற்கும் ஆசிரியர், பிள்ளைக்கு எந்தச் சுதந்திரத்தைத் தர முடியும்?

அதனால்தான் இந்தக் கணக்கு அதிகாரியிடம் போக வேண்டாம் என்கிறேன். மெமோ கொடுக்க உதவும் கணக்கு அடுத்த மாதமே பொய்க் கணக்காகிவிடும். ஆசிரியரே ஒரு வாரம் தம் வகுப்புக்குத் தாமே கோடு போட்டுப் பார்க்கட்டும். சாதி பார்த்துப் பாடம் நடத்துவதில்லை என்று மனதார நம்பும் ஆசிரியர் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் நம்புவது உண்மையாகவே இருக்கலாம். கண் பழகிய பக்கமே போகும் என்பதும் உண்மை. முன் பெஞ்சில் கை தூக்கும் நால்வரிடமே கேள்வி போகும். அந்த நால்வர் யார் என்று கோடுகள் காட்டிவிடும். அதைப் பார்த்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையிருக்காது.

அவமதிப்பு என்பது வேறு. அதற்குக் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளிடம் பாகுபாடு கூடாது என்பதையும் அரசின் கடமையாக வைத்திருக்கிறது. கழிவறை கழுவச் சொன்னால், சாதி சொல்லித் திட்டினால், 1098-க்கோ 14417-க்கோ அழையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் படாத நாள்தோறும் நடக்கும் புறக்கணிப்புக்குத்தான் கணக்கு தேவைப்படுகிறது.

நாம் செய்யக் கூடியது

ஊரில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் தெருப் பெண்களும் உறுப்பினராக இருக்கிறார்கள். கூட்டத்தில் சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்: பிள்ளைகள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள்? பள்ளியில் பெருக்கும் முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் சுழற்சியில் வருகிறதா? உதவித்தொகை விவரத்தைத் தனியாக அழைத்துச் சொல்கிறீர்களா, வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சொல்கிறீர்களா? வகுப்புத் தலைவர், விளையாட்டு அணித் தலைவர், காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பவர் யார் யார்? இவற்றுக்குப் பதில் சொல்ல எந்த உளவியல் பட்டமும் தேவையில்லை.

பி.எட்., எம்.எட். படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. உங்களில் பலர் எங்கள் தெருவிலிருந்து போனவர்கள். ஆய்வுக்கு வினாப்பட்டியல் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறீர்கள். பிள்ளையின் ஊக்கத்தை அளக்கும் தாள் ஒன்று கொண்டுபோனால், ஆசிரியர் பிள்ளையின் பேச்சுக்குக் காதுகொடுக்கிறாரா என்று கேட்கும் தாள் ஒன்றும் கொண்டுபோங்கள். அதே கொள்கையில் அதற்கும் வினாப்பட்டியல் இருக்கிறது. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பின்னால் நடக்காதீர்கள். முடிவை அந்தப் பிள்ளைகளிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள். தாளை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்குவதோடு முடிந்துவிட்டால், பிள்ளைகள் அடுத்தவருக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போடுவார்கள்.

அரசிடம் கேட்பது இரண்டுதான். ஊக்கம், மனநலம் என்ற பெயரில் எடுக்கும் எந்த அளவீடும் தனிப் பிள்ளையின் பதிவில் ஏறக் கூடாது. அளந்ததன் முடிவு, வகுப்பறை என்ன தரவில்லை என்று சொல்லும் வடிவில் பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். தராததைத் தருவதற்கு வழியும் ஆளும் கூடவே வர வேண்டும்.

அந்த மாணவியிடம் நேற்று திரும்பவும் கேட்டேன். பெயர் இல்லாமல், யாரும் பார்க்காமல் அதே தாளைக் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்தில் போடுவாய் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “போட்டா என்னண்ணா செய்வாங்க?”

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். பதில் தயாராகாத வரையில் அவளிடம் எந்தத் தாளையும் நீட்ட நமக்கு உரிமையில்லை.